கடைசி நிமிடத்தில் தோற்கிறவர்கள்

மைதானத்துக் கதவைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகும் அவர்களுடைய பாட்டு எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது. நான் பந்துப் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தேன். எனக்குப் பின்னால் எங்கள் கோல்கீப்பர் அண்ணை முழங்காலைப் பிடித்துப் பிடித்து வந்தார். அந்த நடையைப் பார்க்கிறவர்கள் மனிதர் நாலைந்து கோலைப் பாய்ந்து தடுத்திருப்பார் என்று நினைப்பார்கள். அன்று அவர் தடுத்தது ஒன்றே ஒன்று. அதுவும் பந்து தானாக வந்து முழங்காலில் பட்டது.

"பஸ்ஸுக்கு நிப்பம், தம்பி" என்றார்.

"நடப்பம் அண்ணை. பஸ்ஸிலை அவங்களும் ஏறுவாங்கள்."

அது அவருக்கு விளங்கியது. பஸ் தரிப்பைத் தாண்டி நடந்தார்.

யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கல்லூரிகளின் பழைய மாணவர்கள், இத்தாலியில், பலேர்மோவில் வருடத்துக்கு ஒருமுறை உதைபந்தாட்டம் ஆடுகிறோம். ஞாயிறு பின்னேரம்தான் ஆட முடியும், எங்களைப் போன்ற வீட்டு வேலைக்காரர்களுக்கு ஓய்வு அப்போதுதான். ஆடுகிறவர்களில் அநேகர் நாற்பதைக் கடந்தவர்கள். பாதிப்பேருக்கு இடுப்பில் பட்டி, மீதிப்பேருக்கு முழங்காலில் உறை. ஆனாலும் அந்த ஒரு பின்னேரத்துக்காக ஆறு மாதம் முன்பிருந்தே சண்டை பிடிப்போம். பிறகு தோற்போம். நான் சொல்வது எங்கள் கல்லூரியைப் பற்றி.

எங்கள் கல்லூரி என்று நான் சொல்வதே கொஞ்சம் துணிச்சல்தான். ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குள்ளும் வகுப்பில் இருந்த நேரத்தைவிட மதிலில் இருந்து ஆட்டம் பார்த்த நேரம் அதிகம். பிறகு கொழும்பில் லொட்ஜ், உக்ரைனில் ஒரு நிலவறை, நாப்போலியில் கோப்பை கழுவல், தெற்கே தக்காளித் தோட்டம், திராப்பனியில் மீன்பெட்டி என்று அலைந்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். இருந்தும் பழைய மாணவர் கூட்டத்தில் கல்லூரிக் கீதத்தை என்னைவிட உரக்கப் பாடுகிற ஆள் இல்லை. பட்டம் பெற்றவர்கள்கூட இரண்டாம் வரியோடு வாயசைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அன்று நான் வேகமாக நடந்ததற்குத் தோல்வி மட்டும் காரணமில்லை. நான் வீட்டோடு தங்கிப் பராமரித்துக்கொண்டிருந்த கிழவர் இரண்டு கிழமைக்கு முன் இறந்துபோனார். நல்ல மனிதர், நித்திரையிலேயே போய்விட்டார். அவருடைய பிள்ளைகள் செத்தவீடு முடிந்த மறுநாள் வீட்டைப் பூட்டினார்கள். வேலையும் கட்டிலும் ஒன்றாகப் போயின. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி முடிய இன்னும் காலம் இருந்தது, படுக்கத்தான் இடமில்லை. கோல்கீப்பர் அண்ணை பல்லரோச் சந்தைக்குப் பின்னாலிருந்த தன் வீட்டு முன்னறையில் என்னைப் படுக்க விட்டிருந்தார். ஆனால் மறுநாள் அவருடைய மனைவியின் தம்பி குடும்பத்தோடு மிலானோவிலிருந்து வந்து இறங்குகிறான். நான் எழும்பியாக வேண்டும்.

இந்த நிலைமையில்தான் ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய பத்தாம் இலக்கக்காரன் வியர்வையோடு என்னிடம் வந்து, தான் ஊருக்குப் போவதாகவும், வரும் வரைக்கும் தன்னுடைய சிஞ்ஞோராவை, தான் வேலை செய்யும் வீட்டு வயோதிப அம்மாவை, பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்றும், வீட்டோடு தங்கும் வேலை என்றும் சொன்னான். எங்களுக்குக் கடைசிக் கோலைப் போட்டவன் அவன். அந்த முகத்தைப் பார்த்து நான், "வேண்டாம், எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பந்துப் பையைத் தூக்கினேன். இருந்த வேலை அந்தப் பையைத் தூக்குவதுதான்.

இதைக் கேட்டதும் அண்ணை ஒரேத்தோ வீதி நடுவில் நின்றுவிட்டார்.

"உனக்கு என்ன விசரே? நாளைக்கு எங்கை படுக்கப் போறாய்?"

"ஸ்டேசனிலை படுப்பன். முந்தியும் படுத்திருக்கிறன்."

"அப்ப உனக்கு முப்பது வயசு. இப்ப கல்லிலை படுத்தா எழும்ப ஆள் பிடிக்க வேணும்."

"அவன்ரை வேலையிலை போய் நிக்கச் சொல்லுறியளே அண்ணை? அதுவும் இண்டைக்கு?"

அவர் திரும்பவும் நடக்கத் தொடங்கினார். அன்றைய தோல்வி அப்படிப்பட்டது. முடிய ஐந்து நிமிடம் இருக்கும் வரை இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் நின்றோம். அப்போது எங்கள் நடுக் காவல்காரனின் காலுறைக்குள் தொலைபேசி அடித்தது. அவன் பார்க்கிற சிஞ்ஞோரா. கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தலைக் காணவில்லையாம். அவன் குந்தியிருந்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பால் போத்தலுக்குப் பின்னால் என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலால் பந்து போனது. சமநிலை. பிறகு எல்லோரும் அவனை ஏசினோம். ஏசி முடிப்பதற்குள் பத்தாம் இலக்கக்காரன் அடுத்ததையும் போட்டுவிட்டான்.

அவர்களுடைய ஆட்களுக்கும் சிஞ்ஞோராக்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எல்லாத் தொலைபேசிகளையும் ஒரு வாளியில் போட்டு, தங்களில் ஒருவருடைய, இத்தாலியன் நன்றாகக் கதைக்கும் மனைவியிடம் கொடுத்திருந்தார்கள். எந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் அவ எடுத்து, "வந்துகொண்டிருக்கிறார், சிஞ்ஞோரா" என்று சொன்னா. எங்களில் யாருக்கும் ஒரு வாளி தோன்றவில்லை.

"நாங்கள் எப்பவும் இப்பிடித்தான்" என்றார் அண்ணை. இப்படி ஆரம்பித்தால் அடுத்தது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பழைய தோல்விகளை எடுத்துத் துடைத்து வைக்காமல் எங்களால் ஒரு புதுத் தோல்வியைத் தாங்க முடியாது.

அவருடையது புகழ்பெற்ற தோல்வி. கல்லூரி அணிக்குக் கோல்கீப்பராக நின்ற கடைசி ஆட்டம். ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னால் நிற்கும்போது நடுவர் ஏதோ தவறுக்கு விசில் ஊதினார். ஆட்டம் முடிந்தது என்று எங்கள் ஆதரவாளர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து, கோல்கீப்பரைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

"இறக்கச் சொல்லிக் கத்தினன். நான் சந்தோசத்திலை கத்துறன் எண்டு நினைச்சு இன்னும் உயத்தினாங்கள். மேலையிருந்து பாக்க மைதானம் வடிவாத் தெரிஞ்சுது. அவங்கடை கப்டன் பந்தை வைக்கிறதும் தெரிஞ்சுது, அடிக்கிறதும் தெரிஞ்சுது. அப்பிடி வடிவா ஒரு கோலையும் நான் பாத்ததில்லை."

"பிறகு நடுவரோடை கதைச்சனீங்களோ?"

"கதைச்சனாங்கள். உள்ளுக்கை வந்தது உங்கடை ஆக்கள்தானே எண்டார். ஓம் எண்டுதானே சொல்ல வேணும்? அந்தக் கொதியிலை நிக்கேக்கை அவங்கள் ரெண்டாவதையும் போட்டாங்கள்."

இந்தக் கதையை அவர் சொல்லிக் குறைந்தது நூறு தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவரை யாராவது இறக்கிவிடுவார்கள் என்று ஒரு கணம் எதிர்பார்ப்பேன்.

என்னுடையது அவ்வளவு பெரியதில்லை. நாங்கள் இடம்பெயர்ந்து, வேறொரு பள்ளிக்கூடத்துக் கொட்டிலில் படித்துக்கொண்டிருந்த காலம். அவர்களும் அருகில்தான் இடம்பெயர்ந்திருந்தார்கள். அப்போதும் இரண்டு பக்கத்தாரும் ஒரு வெளியைத் துப்புரவாக்கி ஆட்டம் வைத்தார்கள். பாதி ஆட்டத்தில் விமானம் வந்தது. எல்லோரும் கிடைத்த பதுங்குகுழியில் பாய்ந்தோம். எங்கள் பின்வரிசை முழுக்க அவர்களுடைய முன்வரிசையோடு ஒரே குழிக்குள் போய் விழுந்தது. குண்டு தூரத்தில் விழுந்து, இரண்டு வீடுகள் போய்விட்டன. தூசி அடங்கியதும் ஆட்டம் தொடர்ந்தது. ஆனால் பயத்தில் கையைக் கோத்துக்கொண்டு கிடந்தவனைப் போய் எப்படி இடிப்பது? எங்கள் பின்வரிசைக்கு வெட்கமாகப் போய்விட்டது. வழி விட்டார்கள். இரண்டு கோல். அவர்களுடைய முன்வரிசைக்கு அப்படி வெட்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கிழமையோடு நான் பள்ளிக்கூடம் போவதும் நின்றது. படிப்பு நின்றதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருந்ததில்லை. அந்த இரண்டு கோலும்தான் இன்றைக்கும் நெஞ்சுக்குள் நிற்கின்றன.

பாலம் தாண்டியதும் ஒரு பனெல்லே வண்டி நின்றது. கடலைமாவைத் தட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள். அண்ணைக்குப் பசி. வாங்கிக் கடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு ஸ்கூட்டர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. பத்தாம் இலக்கக்காரன். சீருடையை இன்னும் மாற்றவில்லை. அதை வேண்டுமென்றே மாற்றாமல் வந்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"என்ன ஐசே, நடந்து போறீர்? பஸ்ஸும் உங்களை விட்டிட்டுப் போட்டுதோ?"

"பகிடி விடவே வந்தனீர்?"

"இல்லை. வேலையைப் பற்றிக் கதைக்க. எனக்குத் தங்கச்சியின்ரை கலியாணம். நாளையிண்டைக்குப் பிளேன். ஆள் இல்லாட்டி நான் போகேலாது. கையிலை வேலை இல்லாத ஆள் நீர் ஒருத்தர்தான்."

பலேர்மோவில் வேலை இப்படித்தான் கைமாறும். ஊருக்குப் போகிறவன் தன் இடத்தில் இன்னொருவனை நிறுத்திவிட்டுப் போவான். திரும்பி வரும்போது இடம் இருக்க வேண்டும். நின்றவன் சிஞ்ஞோராவின் மனதைப் பிடித்து அங்கேயே தங்கிவிட்ட கதைகள் நிறைய உண்டு. அதனால் ஆள் பார்ப்பது பெண் பார்ப்பதைவிடக் கடினம்.

"உங்கடை பள்ளிக்கூடத்திலை ஆக்கள் இல்லையோ?" என்று கேட்டேன்.

"வேலையை விட்டிட்டு ஓடி வரவும் ஆக்கள் இருக்கினம். அதுதான் பயம். எங்கடை ஆக்கள் பிடிச்சதை விடமாட்டினம். நீங்கள் அப்பிடியில்லை. எவ்வளவு முன்னாலை நிண்டாலும் கடைசியிலை கட்டாயம் விட்டிடுவியள். உம்மை நம்பி வீட்டைத் தரலாம்."

அண்ணை மெல்வதை நிறுத்தி யோசித்தார். "அது சரிதான்" என்றார்.

"அண்ணை, நீங்கள் ஆற்றை பக்கம்?"

"உன்ரை பக்கம்தான். அதுதான் சொல்லுறன்."

பத்தாம் இலக்கக்காரன் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினான். அடுத்ததைச் சொல்ல அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

"இன்னொண்டு. வாறவன் என்ரை பள்ளிக்கூடத்து ஆள் எண்டு சிஞ்ஞோராட்டைச் சொல்லிப்போட்டன். அவ தெரியாத ஆக்களை உள்ளுக்கை எடுக்கமாட்டா. எங்கடை பள்ளிக்கூடம் எண்டா ஏதோ பெரிய மடம் மாதிரி நினைச்சுக்கொண்டிருக்கிறா. நான்தான் சொல்லிச் சொல்லி அப்பிடியாக்கினது. அங்கை படிச்சவன் எண்டாத் திறப்பைக் குடுப்பா. இல்லாட்டி ஏஜென்சிக்கு அடிப்பா, எனக்கும் வேலை போகும்."

"அப்ப நான் என்ன சொல்ல வேணும்?"

"நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம். அவ கேட்டா, ஓம் எண்டு சொல்லும்."

நான் எல்லைகளில் வேறு பெயர் சொல்லியிருக்கிறேன். வேறு பிறந்த நாள் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை இன்னொருவனின் மனைவிக்குப் புருசனாக இரண்டு நாடுகளைக் கடந்திருக்கிறேன். ஒன்றுக்கும் நாக்குத் தடுமாறியதில்லை. பள்ளிக்கூடத்தை மட்டும் மாற்றிச் சொன்னதில்லை. அது என்மீது வைத்த மதிப்பு, எனக்குத் தந்த கடைசி அறிக்கையில் கணிதத்தில் நூற்றுக்கு ஒன்பது புள்ளி. ஆனாலும் சொன்னதில்லை.

அண்ணை பாணை முடித்துக் கையைக் காற்சட்டையில் துடைத்தார். "தம்பி, நான் ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன்" என்றார். அவர் சொல்வார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அந்த முன்னறையை நினைத்தேன், ஸ்டேசன் கல்லை நினைத்தேன், என் இடுப்பை நினைத்தேன்.

"எத்தினை மணிக்கு வர வேணும்?" என்று கேட்டேன்.

மறுநாள் காலை என் பயணப் பையோடு கபோச் சந்தைக்குப் பின்னாலிருந்த ஒரு பழைய வீட்டின் நாலாம் மாடிக்கு ஏறினேன். லிப்ட் இருந்தது, வேலை செய்யவில்லை. பத்தாம் இலக்கக்காரன் கதவைத் திறந்தான். அன்றைக்கு அவன் சமையல் ஏப்ரன் கட்டிய, அமைதியான மனிதன். மருந்துப் பெட்டியையும் கோப்பி போடும் அளவையும் எந்த யன்னலைத் திறக்கக்கூடாது என்பதையும் காட்டினான். பிறகு என்னைச் சிஞ்ஞோராவின் முன்னால் நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டான்.

தொண்ணூறை நெருங்கும், மெலிந்த, தலையைக் கவனமாக வாரிய பெண்மணி. என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தா. "நீயும் அதே கல்லூரியா?" என்று கேட்டா.

"ஓம், சிஞ்ஞோரா" என்று இத்தாலியனில் சொன்னேன். இவ்வளவுதானே என்று நினைத்தேன்.

"நேற்று ஆட்டம் என்று சொன்னான். கேட்க மறந்துவிட்டேன். என்ன ஆனது?"

சமையலறையில் கோப்பை கழுவும் சத்தம் நின்றது.

"வென்றோம்" என்றேன்.

என் வாயிலிருந்து அந்தச் சொல் அந்த ஆட்டத்தைப் பற்றி வந்தது அதுதான் முதல் தடவை. சிஞ்ஞோரா கையைத் தட்டி, யார் கோல் போட்டது என்று கேட்டா. சொன்னேன். எப்படி என்று கேட்டா. அதையும் சொன்னேன். எதிரணிக் காவல்காரன் தொலைபேசியோடு குந்தியிருந்தது, அவர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு நின்றது, எங்கள் பத்தாம் இலக்கம் அந்த இடைவெளியால் போனது எல்லாம். சிஞ்ஞோரா சிரித்துச் சிரித்து இருமினா. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"மற்றவர்கள் எப்போதும் இப்படித்தானா?" என்று கேட்டா.

"எப்போதும்" என்றேன்.

சிஞ்ஞோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து வீட்டுத் திறப்பை எடுத்து என் கையில் வைத்தா. குளியலறையிலிருந்து தொடங்கு, மூலைகளை விட்டுவிடாதே என்றா. வாளியும் துணியும் எங்கே என்று கேட்டுக்கொண்டு போனேன்.