முப்பத்தோராவது சொல்

சென்ற மாதம் நான் எழுதிய ஒரு வாக்கியம் ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டது.

மிகைப்படுத்தவில்லை. இந்தப் பத்திரிகை படிக்கும் உங்களுக்குத்தான் நான் எழுத்தாளன். எனக்குச் சோறு போடுவது, சக்குபள்ளம் பக்கத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் பார்க்கும் கிளார்க் உத்தியோகம். மேனேஜர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழ் நோட்டீஸாக எழுதுவதும் அதில் சேர்த்தி. அன்று எழுதியது இது:

"ஏழாம் நம்பர் காட்டில் பூச்சிமருந்து தெளிக்கும் பணி நடைபெறவிருப்பதால், அக்காட்டினூடே வரும் ஓடையிலிருந்து தொழிலாளர்கள் வழக்கம்போல் குடிப்பதற்கோ, சமைப்பதற்கோ, பாத்திரங்கள் கழுவுவதற்கோ தண்ணீர் எடுத்துப் பயன்படுத்துவது, பணி முடிந்து மூன்று தினங்கள் கழியும்வரை, நிர்வாகத்தின் மறு உத்தரவு இன்றி, எக்காரணம் கொண்டும் கூடாது."

ஒரே வாக்கியம்! எங்கும் இடறவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

காலையில் யார் எந்தக் காட்டுக்கு என்று ஆள் பிரிக்கும்போது சூப்பர்வைசர் அதை உரக்கப் படித்தார். 'பயன்படுத்துவது' வரை வந்தவர் மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து ஜீப் ஹாரன் அடித்தது. படித்தாயிற்று என்று நினைத்துப் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் செல்லத்தாய். கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். மறுநாள் மத்தியானம் அந்த ஓடையில் தண்ணீர் மொண்டு குடித்தார். வாந்தி, மயக்கம்... ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தார். நாலு நாள் படுக்கையில் இருக்கவேண்டும் என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் அந்த நோட்டீஸைச் சொல் சொல்லாக எண்ணினேன். முப்பத்தொன்று! இந்தப் பத்திரிகையின் உதவி ஆசிரியர், என் வாக்கியங்களை எண்ணிச் சிவப்பு மையில் குறித்து அனுப்புவார். 'பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போனால் வாசகர் பாதியிலேயே இறங்கிவிடுவார்' என்பார். நான் என்ன அரிச்சுவடியா எழுதுகிறேன் என்று கோபித்திருக்கிறேன்.

ஏன் அவ்வளவு நீளமாக எழுதுகிறேன்? பதினோரு வருடமாகக் குவார்ட்டர்ஸில் தனி ஆள். பேசினால் 'என்னது?' என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா? குறுக்கே யாரும் வராவிட்டால் வாக்கியம் எங்கே நிற்கும்?

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"அந்த நோட்டீஸை எழுதினது நான்தாம்மா."

செல்லத்தாய் திட்டவில்லை. "கேட்டுக்கிட்டுத்தான் சார் இருந்தேன். 'ஓடையிலேருந்து, வழக்கம்போல'ன்னு படிச்சாக. சரி, வழக்கம்போலதானேன்னு குடிச்சேன்."

"கடைசியில் கூடாதுன்னு இருந்ததே..."

"வேண்டாங்கறதை மொதல்லயே சொல்லப்படாதா சார்?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நோட்டீஸைச் சின்னச் சின்னதாக உடைத்து எழுதினேன். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவர் திருப்பிச் சொன்னால் வரி தேறியது. 'மறு உத்தரவு வரும்வரை' என்றேன். மூன்றே சொல். அதற்கும் விழித்தார். "அப்படின்னா?" அடித்துவிட்டேன். ஆக, எண்ணினால் மட்டும் போதாது.

இரண்டு சாயங்காலம் இந்த வேலை நடந்தது. உண்மையைச் சொல்லட்டுமா? அந்த ஆஸ்பத்திரி ஸ்டூலை விட்டு எழ எனக்கு மனமே இல்லை.

கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "ஓடைத் தண்ணீர் வேண்டாம். அதில் மருந்து கலந்திருக்கும். மூன்று நாள் குழாயில் பிடியுங்கள். நாலாம் நாள் நாங்கள் சொல்கிறோம்." அடுத்த முறை மருந்து தெளித்தபோது இதைத்தான் படித்தார்கள். ஒருவர்கூட ஓடைப் பக்கம் போகவில்லை.

அந்த இரண்டாம் சாயங்காலம் நான் கிளம்பும்போது செல்லத்தாய் கேட்டார். "ஊருக்குக் காயிதமும் இப்படித்தான் எழுதுவீகளா சார்?"

"எங்க ஊர் அகளியில் அண்ணன் இருக்கார். மாசா மாசம் நாலு பக்கம் எழுதுவேன்."

"என்னன்னு?"

"மழை, ஏலக்காய் விளைச்சல், உடம்பு..."

"வரச் சொல்லி எழுத மாட்டீகளா?"

"எழுதுவேனே. கடைசியில்."

"அவுக அதுவரைக்கும் படிச்சாகளோ என்னவோ..."

அன்று குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும் ஒரு கார்டு எடுத்தேன். மழை இல்லை, விளைச்சல் இல்லை. "அண்ணா, இங்கே தனியாக இருக்கிறேன். ஒருமுறை வா." ஆறே சொல். எழுத அரைமணி நேரம் ஆயிற்று. மறுநாள் காலை தபாலில் போட்டேன்.

போட்டு மூன்று வாரமாகிறது. பதில் இல்லை.

தெளிவாக எழுதுவதில் இப்படியொரு கஷ்டம் இருக்கிறது, பாருங்கள் — புரிந்திருக்காது என்று இனி என்னைத் தேற்றிக்கொள்ள முடியாது!