ஒற்றைக் கட்டில் மரவீடு

கூப்பிட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்வதுதான் ஷெத்லியாவின் வேலை. பிசெர்த் என்ற துறைமுக நகரத்தில் ஒரு மருத்துவமனைக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் அத்தனையும் அவள் காது வழியாகத்தான் உள்ளே போகும். டாக்டர் வந்துவிட்டாரா, ரத்தப் பரிசோதனை என்ன ஆயிற்று, என் மாமியாரை எந்த அறையில் போட்டிருக்கிறீர்கள் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரே அவள் காதுக்குள் கத்தும். வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் இருந்தார். பிறகு படிக்க வந்த கொழுந்தன், பிறகு பிள்ளைகள், பிறகு பிரசவத்துக்கு வந்த மகள். எல்லோரும் அவரவர் வழியில் போன பிறகும் வீடு காலியாகவில்லை. அதற்குக் காரணம் ஜல்லூல்.

ஜல்லூல் அவள் கணவன். பழைய துறைமுகத்துப் பக்கம் பூட்டு, ஆணி, பெயின்ட் விற்கும் கடை வைத்திருந்தான். தங்கமான மனிதன்தான், ஆனால் வாயைத் திறந்தால் யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டுவிடுவான். அந்த ஊரில் கூப்பிடாமல் இருப்பதுதான் குற்றம், அதில் அவனைத் தனியாகக் குறை சொல்ல முடியாது. அதற்கென்று ஒரு முறையும் உண்டு. முதல் தடவை கூப்பிடுவது மரியாதைக்கு. நெஞ்சில் கையை வைத்து, வேண்டாம், நீங்கள் நன்றாக இருங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். விடாமல் இரண்டாம் தடவையும் கூப்பிட்டால்தான் உண்மையிலேயே கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். ஜல்லூல் பெரும்பாலும் முதல் தடவையோடு நிறுத்திக்கொள்வான். ஆனால் இத்தனை பேரைக் கூப்பிடுகிறவனுக்கு, முறை தெரியாதவனோ நிஜமாகவே பசித்தவனோ ஒருத்தன் மாட்டாமலா போவான்? கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன்கூட ஒருநாள் அவள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, கோதுமை ரவையை அவித்து மீனோடு பரிமாறிய கூஸ்கூஸில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டுப் போனான்.

தானும் ஜல்லூலும் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு நாளை நினைத்துப் பார்க்க முயன்றாள் ஷெத்லியா. ஒன்றும் அகப்படவில்லை. அன்றைக்குத்தான் வாடகைக்கு ஒரு மரவீடு எடுப்பது என்று முடிவு செய்தாள்.

செஜ்னானுக்கு அப்பால், கடலைப் பார்த்த குன்றில், தக்கை மரங்களுக்கு நடுவே இருந்தது அந்த வீடு. ஓர் அறை, ஒரு கட்டில், வெளியே ஒரு மண் அடுப்பு. வீட்டுக்காரன் அம்மாரிடம் போனில் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"அங்க சிக்னல் கிடைக்குமா?"

அம்மார் கொஞ்சம் இழுத்தான். "வீட்டுக்குள்ள வராதும்மா. ஆனா பின்னாடி ஒரு பாறை இருக்கு, அது மேல ஏறி நின்னா ஒரு கோடு வரும்."

"அந்தப் பாறைப் பக்கமே நாங்க வரமாட்டோம். வீட்டை எனக்கே குடுத்துருங்க."

மே மாதக் கடைசியில் மூன்று நாள் என்று பேசி முடித்தாள். அதன்பிறகு மருத்துவமனையில் யார் என்ன கத்தினாலும் அவளுக்கு உறைக்கவில்லை. காதில் ஊர் கத்திக்கொண்டிருக்க, மனசுக்குள் அவள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். காப்பிப் பாத்திரம், ஆலிவ் எண்ணெய், வீட்டில் இடித்த ஹரிஸ்ஸா மிளகாய் விழுது இங்கிருந்து. ரொட்டியும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் அங்கேயே கிடைக்கும். ஜல்லூலுக்குத் தூண்டில். பேச்சுத் துணைக்கு யாரும் வேண்டாம்.

ஜல்லூலிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "ஒரு ஈ காக்காகிட்ட மூச்சு விடக்கூடாது. உங்களுக்கு வாய் சும்மா இருக்காது, எனக்குத் தெரியும்."

அவனும் பாவம், தாக்குப்பிடித்தான். முடிவெட்டுகிறவன், கோடையில் எங்கே போகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டதற்கு, எங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டு நாற்காலியிலேயே வியர்த்து வழிந்தானாம்.

சத்தியம் உடைந்தது டூஜா வீட்டில். டூஜா ஜல்லூலின் மூத்த அக்கா. கால்வாய்க்கு அந்தப் பக்கம் அடுக்குமாடியில் குடியிருந்தாள். கணவர் இறந்ததிலிருந்து தனியாகத்தான். நாக்கு மட்டும் முன்னைவிடக் கூர்மையாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் தம்பியை உற்றுப் பார்த்தாள்.

"என்னடா, முகத்துல எண்ணெய் வடியிற மாதிரி ஒரு சந்தோஷம்? பழைய பெயின்ட்டைப் புதுசுன்னு எவன் தலையிலயாவது கட்டிட்டியா?"

"ஒண்ணுமில்லக்கா," என்றான் ஜல்லூல். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நானும் ஷெத்லியாவும் செஜ்னான் பக்கம் ஒரு மரவீட்டுல மூணு நாள் தங்கப்போறோம். நீயும் வாயேன்."

ஷெத்லியா பல்லைக் கடித்தாள், ஆனால் பதறவில்லை. டூஜா வரமாட்டாள். கல்யாணம், பெருநாள், கடற்கரை என்று எதற்குக் கூப்பிட்டாலும் நெஞ்சில் கைவைத்துவிடுவாள்.

டூஜா கையை நெஞ்சில் வைக்கவில்லை. "சரி, வரேன். என்னைக்குக் கிளம்பணும்?" என்றாள்.

திரும்பும்போது கப்பல் போவதற்காகக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். வண்டிகள் வரிசையாக நின்றன. சண்டை போட வசதியான இடம்.

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு உங்க கடையிலயே இல்லையா?"

"வேணாம்னுதான் சொல்லுவான்னு நினைச்சேன் ஷெத்லியா. எப்பவும் அப்படித்தானே?"

"இருக்கிறது ஒரு கட்டில். அதுல மூணு பேரும் வரிசையா படுப்போமா, கடையில ஆணி அடுக்குற மாதிரி?"

ஜல்லூல் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கப்பல் போகிற வழியாக இல்லை.

ஷெத்லியாவுக்கு அழுகை வந்தது. மூன்றே நாள். ஆயுசுக்கும் கேட்டது மூன்று நாள்தான், அதையும் இந்த மனுஷன் கூஸ்கூஸ் மாதிரி தட்டில் வைத்து நீட்டிவிட்டான். அவனால் அதைத் திருப்பிக் கேட்க முடியாது, வாய் வராது. தானே போய்ப் பேசிவிடுவது என்று தீர்மானித்தாள். கூரை ஒழுகுகிறது என்று சொல்லலாம். பாம்பு என்று சொன்னால் இன்னும் நல்லது.

அந்த வாரமே வேலை முடிந்து டூஜா வீட்டுக்குப் போனாள். நடையிலேயே ஒரு பெட்டி நின்றது, கட்டி முடித்துத் தயாராக. பக்கத்தில் புதுக் கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி, உள்ளே திணித்த காகிதம்கூட எடுக்கப்படவில்லை. கிளம்ப இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கூடத்தில் ஆளே இல்லாத சோபாவைப் பார்த்துத் தொலைக்காட்சி பேசிக்கொண்டிருந்தது.

டூஜா பைன் பருப்பு மிதக்கும் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா, அந்த மரவீட்டு விஷயமா..."

"கூரை ஒழுகுதா? இல்ல, பாம்பா? எதைச் சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டு வந்திருக்க?"

ஷெத்லியா தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள்.

"அவன் மரியாதைக்குத்தான் கூப்பிட்டான்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் டூஜா. "பள்ளிக்கூடத்துலயே நான் கட்டிக்குடுக்குற ரொட்டிக்கு வகுப்பையே கூப்பிட்டவன் அவன். என் வீட்டுக்காரர் போனப்புறம் எல்லாரும்தான் கூப்பிட்டீங்க. நானும் முறைப்படி வேணாம்னேன். இன்னொரு தடவை கூப்பிடுவீங்கன்னு காத்திருந்தேன். ஒருத்தரும் கூப்பிடல. பாவம், துக்கத்துல இருக்கா, தொந்தரவு பண்ணவேணாம்னு விட்டுட்டீங்க. அதான் இந்தத் தடவை முதல்லயே சரின்னுட்டேன். வெக்கத்தை விட்டுத்தான் சொன்னேன்."

ஷெத்லியாவுக்குப் போன பெருநாள் ஞாபகம் வந்தது. வேலை நேரத்தில், இரண்டு அழைப்புகளுக்கு நடுவில், டூஜாவைப் போனில் கூப்பிட்டிருந்தாள். டூஜா வேண்டாம் என்றாள். "சரிக்கா" என்று வைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு இணைப்புக் கொடுத்தாள். எவ்வளவு நிம்மதியாக இருந்தது அப்போது! இப்போது அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

"எழுந்திரு, நேரமாகுது," என்றாள் டூஜா. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. எனக்கும் முட்டி வலி, மேடு ஏற முடியாது. அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று ஷெத்லியா எதிர்பார்க்கவில்லை. சரிக்கா என்று ஒரு வார்த்தை போதும், மூன்று நாளும் கைக்கு வந்துவிடும். பையை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். செருப்பை மாட்டினாள். கதவைத் திறந்தாள். அந்த ஷூவைப் பார்க்காமல் போயிருக்கலாம்.

திரும்பிக் கூடத்துக்கு வந்தாள். கோபம் இன்னும் தீர்ந்திருக்கவில்லை, குரலில் அது இருந்தது.

"அக்கா, எங்ககூட வாங்க."

"அதான் வேணாம்னு சொன்னேனே."

"சொன்னீங்க. இது ரெண்டாவது தடவை."

டூஜா தொலைக்காட்சியை அணைத்தாள். பிறகு, "கட்டில் ஒண்ணுதான்னு கேள்விப்பட்டேன்," என்றாள்.

"அதுல நீங்களும் நானும் படுத்துக்கலாம். கூப்பிட்ட ஆளு மரத்தடியில படுக்கட்டும்."