லேப்டாப்புக்கு வைத்த சந்தனம்

அந்த லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்தது நான்தான். வேறு யாரும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றி, செங்கோட்டை தாண்டி புளியரை வரைக்கும் போய் இறக்குவேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், உள்ளே ஒரு தெருவில் வீடு. நான், வீட்டுக்காரி, ஒரே மகள்.

ஆயுத பூசை எனக்குப் பெரிய நாள். தீபாவளிக்குச் சட்டை எடுக்காமல் இருந்திருக்கிறேன். ஆயுத பூசையை விட்டதில்லை. வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக் கட்டைவிரலால் அழுத்தி வைப்பேன். கெட்டியாக வைத்தால்தான் ஓட்டத்தில் நிற்கும். வண்டிக்கு வைத்துவிட்டு ஜாக்கி, ஸ்பானர், அரிவாள்மனை, மிக்சி என்று வரிசையாக வைத்துக்கொண்டே போவேன். மகள் கல்லூரியில் கடைசி வருசம் இருந்தபோது வீட்டுக்காரி கேட்டாள்.

"எனக்கு வைக்க மிச்சம் இருக்கா? இல்ல எல்லாத்தையும் ஜாக்கிக்கே வச்சிட்டியளா?"

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய் லேப்டாப்பைக் கொண்டுவந்து ஜாக்கி பக்கத்தில் வைத்தாள்.

அது புது லேப்டாப் இல்லை. என் அக்கா மகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அவன் அதில் படம் பார்த்துக்கொண்டு கிடந்தான். பட்டாளத்தில் சேர்ந்தபோது மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அவள் பி.காம். படித்தாள். டைப் அடிக்க அதுதான். நெட்டில் பார்க்க வேண்டியதைக் கல்லூரியிலும் போனிலும் பார்த்துக்கொண்டாள்.

மூடி மேல் அரசாங்க முத்திரை இருந்தது. அதன் மேல் பொட்டு வைக்க எனக்கு மனசு வரவில்லை. முன்பக்க ஓரத்தில், கை படுகிற இடத்துக்குக் கீழே, வைத்தேன். வண்டிக்கு வைக்கிற மாதிரியே அழுத்தி வைத்தேன். அடியில் ஏதோ ஒன்று லேசாக நகர்ந்த மாதிரி இருந்தது. மூடியின் கொக்கியாக இருக்கும் என்று நினைத்தேன். மேலே குங்குமத்தை வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டேன்.

வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது. தானாக உதிரணும். உதிராமல் நின்றால் அடுத்த வருசம் பூசைக்கு முந்தின நாள் கழுவலாம், அதற்கு முன்னால் கை வைக்கக் கூடாது. எங்கள் ஸ்டாண்டில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். வண்டிக்கு மழை இருக்கிறது. நாலு மழையில் பொட்டு போய்விடும். லேப்டாப் மழையில் நனையாது. அது காய்ந்து கல் மாதிரி நின்றுவிட்டது.

படிப்பு முடிந்த வருசம் ஆடியில் அவளுக்கு ஒரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கோயம்புத்தூரில் வேலை. அவள் வகுப்பில் மூன்று பேருக்கு வந்திருந்தது. முதலில் ஒரு பரீட்சை, வீட்டில் இருந்தே எழுதணும். போனில் எழுத முடியாது, கேமரா உள்ள லேப்டாப்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு உள்ளே போகணும். கால் மணி நேரம் பார்ப்பார்கள். அப்புறம் வாசலை அடைத்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் சரியாக வராது. அடுத்த வீட்டில் வைஃபை உண்டு. அந்த வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அவரோடு முகம் பார்த்துப் பேசுவதற்காகப் போட்டது. அந்த அம்மா என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஒரு வார்த்தை கேட்டால் போதும், கொடுத்துவிடும். அது எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமையே மகள் சொன்னாள், ஒரு தடவை லேப்டாப்பைக் கொண்டுபோய் வைஃபையில் போட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று. நான் வேண்டாம் என்றேன். ஒரு காரியத்துக்கு ரெண்டு நாள் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை போனால் போதும். அவள் லேப்டாப்பை மூடி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரல். நான் ஓட்டத்துக்குப் போகவில்லை. அவள் தலைக்குக் குளித்து, நல்ல சுடிதார் போட்டு, பத்து மணிக்கு முன்னாலேயே நடுவீட்டில் லேப்டாப்பை விரித்துவிட்டாள். அடுத்த வீட்டு அம்மா பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தது. போனில் அந்தப் பாஸ்வேர்டைப் போட்டதும் உடனே எடுத்தது. லேப்டாப்பில் எடுக்கவில்லை. பாஸ்வேர்டு கேட்டால்தானே போடுவதற்கு? திரையில் கீழே மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. அக்கம்பக்கத்தில் வைஃபை எதுவுமே இல்லை என்று காட்டியது.

அணைத்துப் போட்டாள். அதே பெருக்கல் குறி. மறுபடி அணைத்துப் போட்டாள். அது பழைய லேப்டாப். எழுந்து உட்காரவே அஞ்சு நிமிசம் ஆகும். நான் சுவர் மறைக்கிறது என்றேன். எனக்கு அவ்வளவுதான் தெரியும். தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுச் சுவர் ஓரம் போனோம். அங்கும் இல்லை. அந்த அம்மா, உள்ளேயே வந்து உட்காரு பிள்ளை, இங்கனயே எழுது என்றது. அவர்கள் வீட்டு ஹாலில், வைஃபை பெட்டிக்கு நேர் கீழே, நாற்காலியில் வைத்துப் பார்த்தோம். பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. லேப்டாப்பில் பெருக்கல் குறி.

மணி பத்தரை ஆகிவிட்டது. அந்த அம்மா தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டது. அவர் முகம் போனில் வந்தது. அங்கே வேலைக்கு நடுவில், தலையில் ஹெல்மெட்டோடு நின்றார். மகளிடம் பொறுமையாகக் கேட்டார். எந்தக் காலத்து லேப்டாப் என்று கேட்டார். சொன்னாள். அப்படி என்றால் ஓரத்தில் எங்கேயாவது சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும், நகத்தால் தள்ளுகிற மாதிரி, அது ஆஃபில் கிடந்தால் வைஃபை இல்லவே இல்லை என்றுதான் காட்டும், சுற்றிப் பாரும்மா என்றார்.

மகள் லேப்டாப்பைத் தூக்கி இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். முன்பக்கம் திருப்பினாள். பொட்டு இருந்தது. அவள் விரலை அதன்மேல் வைத்தாள்.

"எப்பா, இதுக்குள்ள என்னமோ தட்டுப்படுது. சுரண்டிப் பாக்கட்டா?"

"கை வைக்காதட்டி" என்றேன். "இன்னைக்குப் போயா பொட்டை அழிப்ப?"

அவள் விரலை எடுத்துவிட்டாள். அடுத்த வீட்டு அம்மாவும், சாமிப் பொட்டுன்னா விட்டுரு பிள்ளை என்றது. எங்கள் வழக்கத்துக்கு மரியாதை கொடுத்துத்தான் சொன்னது. அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. சுவிட்ச் இல்லை என்று போனில் மகள் சொன்னாள். அப்போ உள்ளே இருக்கிற வைஃபை கார்டு போயிருக்கும் என்றார் அவர். அவரை யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

ரிப்பேர் கடைக்குப் போவோம் என்று வண்டியை எடுத்தேன். அவள் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். சீசன் ஞாயிறு. குற்றாலத்துக்கு வண்டி மேல் வண்டியாக வந்துகொண்டிருந்தது. ரோட்டில் பாதியை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எதிரே ஒரு வேனில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு ஆட்டம் போட்டார்கள். நடந்தே போகிற தூரம்தான். அரை மணி நேரம் ஆயிற்று. அவள் போனில் மணியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

முதல் கடை பூட்டிக் கிடந்தது. இன்னொரு கடையில் ஷட்டர் பாதி திறந்திருந்தது. கடைக்காரர் குனிந்து வெளியே வந்து, லேப்டாப்பை முழங்காலில் வைத்தபடியே ரெண்டு மூன்று இடத்தில் அழுத்திப் பார்த்தார். கார்டுதான் என்றார். விட்டுட்டுப் போங்க, நாளைக்குப் பாக்கேன் என்றார். பொட்டை அவரும் பார்த்தார். ஓரமாகப் பிடித்துக்கொண்டாரே தவிர கை வைக்கவில்லை.

அவள் தோழி ஒருத்தியிடம் லேப்டாப் இருந்தது. அவள் வாசுதேவநல்லூர், போகவே ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் மணி பதினொன்றே கால் தாண்டிவிட்டது. மகள் கடை வாசலில் நின்று போனைப் பார்த்தாள். அப்புறம் லேப்டாப்பை வாங்கித் துண்டில் சுற்றினாள்.

"வீட்டுக்குப் போவோம்பா."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். இன்னொரு தடவை கிடையாது, அந்த வருசம் படித்து முடித்தவர்களுக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது. மற்ற ரெண்டு பேரும் கோயம்புத்தூருக்குப் போனார்கள். இவள் ஆவணியில் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் சேர்ந்தாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. லேப்டாப் பீரோவுக்குள் போனது. இத்துப்போன லேப்டாப், என்ன செய்ய முடியும் என்று கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னேன். சொன்னது நான்தான். அவள் அப்படிக் கூடச் சொல்லவில்லை.

அடுத்த ஆயுத பூசைக்கு முந்தின நாள். மகள் கடைக்குப் போயிருந்தாள். வீட்டுக்காரி ரேசன் கடையில் நின்றாள். நான் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுப் பழைய பொட்டைக் கழுவினேன். லேப்டாப்பையும் எடுத்தேன். ஓடாவிட்டாலும் சாமான்தானே. ஈரத்துணியை அந்தப் பொட்டின் மேல் கொஞ்ச நேரம் ஒற்றி வைத்திருந்தேன். சந்தனம் ஊறிப் பாளமாக வந்தது. அடியில் அரிசி அளவு ஒரு சுவிட்ச். அதன் பக்கத்தில் குங்குமம் அடைத்துக்கொண்ட ஒரு துளை. துளை இல்லை, விளக்கு.

வயரைச் செருகி லேப்டாப்பைப் போட்டேன். அது எழுந்திருக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். சுவிட்சை நகத்தால் தள்ளினேன். விளக்கு எரிந்தது. கீழே மூலையில் பெருக்கல் குறி போய்விட்டது. எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தச் சிவப்புக் குறியை அன்றைக்குக் காலை முழுக்கப் பார்த்திருக்கிறேன். அது இல்லை என்பது தெரிந்தது.

லேப்டாப்பை அணைத்தேன். துடைத்தேன். அந்த வருசம் அதற்குப் பொட்டு வைக்கவில்லை. வீட்டுக்காரி கேட்டதற்கு, ஓடாத சாமானுக்கு எதுக்கு என்றேன். மகள் கேட்கவில்லை.

வீட்டுக்காரியிடமும் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தேன். மார்க்கெட்டில் மூட்டை ஏற்றும்போது சொல்வதற்கு வார்த்தை வரும். வீட்டுக்கு வந்தால் போய்விடும்.

தைப்பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு நாள் வீட்டுக்காரி சொன்னாள். கோயம்புத்தூருக்குப் போன பிள்ளையில் ஒருத்தி ஊருக்கு வந்திருக்கிறாள், அவள் அம்மாவுக்குச் சேலை எடுக்க நம்ம பிள்ளை கடைக்கே வந்திருக்கிறாள், இவள்தான் எடுத்துப் போட்டிருக்கிறாள். ரெண்டு பேரும் நல்லாப் பேசிக்கிட்டாகளாம் என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் மகளை வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் போய்க்கிடுதேன் என்றாள். ஏறு என்றேன். கடை இருக்கிற தெரு முனையில் நிறுத்தினேன். அவள் இறங்கப் போனாள். இஞ்சினை அணைத்தேன்.

சுவிட்ச் இருந்தது என்றேன்.

எது என்று அவள் கேட்கவில்லை.

"எந்தப் பக்கம்?"

"முன்பக்கம். பொட்டுக்கு அடியில."

அவள் மடியில் இருந்த சாப்பாட்டுப் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் தொட்டேம்லாப்பா" என்றாள்.

"ஆமா."

"தட்டுப்படுதுன்னு சொன்னேன்."

"சொன்ன. நான்தான் கை வைக்காதன்னேன்."

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவள் இறங்கினாள். சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டாள். அந்தக் கடையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நிறச் சேலை. கொஞ்ச தூரம் போனதும் எது என் மகள் என்று தெரியவில்லை. நான் வண்டியை எடுத்தேன். அன்றைக்கு ஒரு மூட்டை கேரட்டை இறக்க வேண்டிய கடையில் இறக்காமல் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அப்படி ஒரு நாளும் செய்ததில்லை.

அதற்கப்புறம் அவள் அதைப் பேசவில்லை. என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். சீக்கிரம் வாங்க என்பாள். அதில் ஒன்றும் குறையவில்லை. குறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இந்த வருசம் ஆயுத பூசை அன்று காலையில் நான் ஜாக்கிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். மகள் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. லேப்டாப்பைக் கொண்டுவந்து முன்பு வைத்த அதே இடத்தில் வைத்தாள். நான் அதைத் தாண்டி மிக்சியை எடுத்தேன்.

"இதுக்கு வைக்கலையா?"

"வேண்டாம்" என்றேன்.

அவள் என் கையில் இருந்த கிண்ணத்தில் மோதிர விரலைத் தொட்டாள். மூடி மேல், அரசாங்க முத்திரைக்குக் கொஞ்சம் தள்ளி, மெல்லிசாக ஒரு பொட்டு வைத்தாள். கடையிலும் பூசை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பூசை முடிந்து சாமான்களை எடுத்து வைத்தேன். லேப்டாப்பைப் பீரோவில் வைக்கும் முன்னால் முன்பக்க ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினேன். சுவிட்ச் ஆன் பக்கம்தான் இருந்தது. இரண்டாவது தடவையும் தடவிப் பார்த்துவிட்டுப் பீரோவைச் சாத்தினேன்.