கேபிள் டிரம் துரத்திய மதியம்

நாய் துரத்தி ஓடியவர்கள் உண்டு, மாடு துரத்தி ஓடியவர்கள் உண்டு. நான் கேபிள் டிரம் துரத்தி ஓடியவன். அதிலும், அதை இழுத்துக்கொண்டே ஓடியவன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம். தீவில், ஜங்லிகாட் என்ற பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், கரண்ட் கேபிள் சுற்றி வந்த மர டிரம்களை இறக்கி வைத்திருந்தார்கள். இரண்டு பெரிய மரச்சக்கரங்கள், நடுவில் அவற்றில் பாதிப் பருமனுக்கு ஓர் உருளை. என் தாய்மாமன்தான் அவற்றுக்குக் காவல். அதற்கு முன் சொந்தப் படகில் மீன் பிடித்தவர். படகைக் கடல் எடுத்துக்கொண்டது. மாமாவுக்கு ஒரு விசிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கிடைத்தன.

அத்தை அப்போது கைக்குழந்தையோடு, குடாவுக்கு அக்கரையில் பம்பூஃப்ளாட்டில் பிறந்த வீட்டில் இருந்தாள். சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரி ஏறினால் சற்று நேரத்தில் போய்விடலாம். மாமாவோ பஸ் பிடித்து அரை நாள் சுற்றிப் போவார். கேட்டால், ஜன்னலோரம் காற்று நன்றாக வருகிறது என்பார். மாமா கூப்பிட்டாலும் நான் ஃபெர்ரி பக்கம் போவதில்லை. கடல் என்றாலே எனக்குப் பயம். அதை நான் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

ஒரு மதியம் மாமா சின்ன டிரம் ஒன்றின் உருளையில் நைலான் கயிற்றைச் சுற்றி, நுனியை அடிப்பக்கமாக எடுத்து என் கையில் கொடுத்தார்.

“மாப்ள, நீ இழுத்தா இது எந்தப் பக்கம் போகும்?”

“கயிறு பிரியும் மாமா. அப்ப அந்தப் பக்கமா உருண்டு போகும்.”

“பக்காவா?”

“பக்கா.”

“அப்ப பந்தயம். உன் பக்கம் வந்துச்சுன்னா ஞாயித்துக்கிழம என்கூட ஃபெர்ரியில வர்ற. அந்தப் பக்கம் போச்சுன்னா இனிமே உன்னக் கூப்பிடவே மாட்டேன்.”

இழுத்தேன். டிரம் கொஞ்சம் யோசித்தது. பிறகு, கயிற்றைப் பிரிப்பதற்குப் பதிலாகச் சுற்றிக்கொண்டே என்னை நோக்கி வந்தது. கண் முன்னால் ஃபெர்ரி தெரிந்தது. தோற்கக் கூடாது என்று இன்னும் பலமாக இழுத்தேன். இன்னும் வேகமாக வந்தது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினேன்.

உருளும் சக்கரத்தில் தரையைத் தொடுகிற இடம் அந்தக் கணத்தில் அசையாது. அதை ஊன்றித்தான் மற்றதெல்லாம் புரள்கிறது. கயிறு அந்த இடத்துக்கு மேலே இருந்து இழுப்பதால், டிரம் இழுப்பவன் பக்கம்தான் வரும். உருளை பாதிப் பருமன் என்றால் நம்மைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் வரும். இதெல்லாம் காலேஜில் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், எவ்வளவு ஓடினாலும் அது நெருங்குகிறது என்பதுதான். என் மூச்சும் வியர்வையும் அதன் ஓட்டத்துக்குக் கொஞ்சம், சுழற்சிக்குக் கொஞ்சம் என்று போய்க்கொண்டிருந்தன. என்னைத் துரத்திய எஞ்சின் நானேதான்.

“அரே, சோட் தே. கயித்த விடுடா” என்று மாமா கத்தினார்.

விட்டேன், பக்கவாட்டில் விழுந்தேன். நான் ஊட்டிய சுழற்சி மிச்சமிருந்ததால் டிரம் என்னைத் தாண்டிப் போய், மாமாவின் நாற்காலியில் உட்காரப் பார்த்தது. நாற்காலிக்கு அது கடைசி நாள்.

நாற்காலி போனதற்குக்கூட மாமா வருத்தப்படவில்லை. “ஞாயித்துக்கிழம சீக்கிரம் எந்திரிச்சிரு” என்றார்.

ஃபெர்ரியில் பாதி தூரம் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது கடல் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கிடந்தது. பக்கத்தில் மாமா, குழந்தைக்கு வாங்கிய சட்டைப் பொட்டலத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது.

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. “கம்பிய விடுங்க மாமா. நீங்க இழுக்குறதாலதான் கரை கிட்ட வருதாக்கும்?”

மாமா சிரிக்கவில்லை. கம்பியை விடவும் இல்லை.

“நீ கிட்டக்க நில்லு மாப்ள. அது போதும்.”

நான் பயந்து விழுந்துவிடுவேனோ என்று அவருக்குக் கவலை போலிருக்கிறது என்று நினைத்தேன். பாவம், மனுஷனைக் கவலைப்படுத்த வேண்டாமென்று கரை வரும்வரை ஒட்டியே நின்றேன்.