உறைந்த தேங்காயெண்ணெய்

குளிர்காலக் காலைகளில் என் குளியலறைத் தட்டில் நிற்கும் தேங்காயெண்ணெய்ப் போத்தல் கல்லாக இறுகிவிடும். அதைச் சுடுதண்ணீர்க் கோப்பையில் வைத்துவிட்டுக் காத்திருப்பேன். முதலில் ஓரங்கள் தெளியும். பிறகு நடுவில் நிற்கும் வெள்ளைக் கட்டி மெல்லச் சரியும். அது கரைந்து முடிவதற்குள், எழுபதுகளின் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குள் நடந்து முடிந்துவிடும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கப்பல்களில் பாத்திரம் கழுவினேன், பிறகு தளத்தில் கயிறு இழுத்தேன். மெல்பேர்னில் இறங்கி ஒரு கார்த் தொழிற்சாலையில் சேர்ந்தபோது எனக்கு ஓர் அறை தந்தது ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். வீட்டுக்காரரை அத்தான் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். அத்தான் பொறியியலாளர்; மாதத்தில் பாதி நாள் தொலைவில் ஓர் அணைக்கட்டில் இருப்பார். நான் எந்த ஊரிலும் ஆறு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. "தம்பியின்ர பெட்டி கட்டிலுக்குக் கீழ கட்டினபடியே கிடக்குது, எப்ப பறக்கப் போறீரோ?" என்று அக்கா கேலி செய்வார்.

பிள்ளைகள் இரண்டு. பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. பனி பார்க்க வேண்டும் என்று இருவரும் ஒரு மாதமாக அரித்தார்கள். அக்கா மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். மலை ஏற முடியாது. நான் கூட்டிப் போகிறேன் என்றேன். அதற்கு முந்திய கிழமைதான், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வடகடலில் என்னோடு வேலை செய்தவனின் கதையைச் சொல்லியிருந்தேன். அவனுடைய இரண்டு விரல்கள் விறைத்து மெழுகுபோல வெளுத்தன. தேய்த்தால் தசை கெட்டுவிடும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது, யாரும் தேய்க்கவில்லை. அப்படியும் துறைமுகத்தில் இறங்கியதும் வெட்டித்தான் எடுத்தார்கள். எனக்கு அது நடந்த விஷயம், அவ்வளவுதான். அக்கா மட்டும் கறிச்சட்டியில் அகப்பையை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை என் பழைய காரில் இருவரையும் ஏற்றினேன். "உம்மை நம்பித்தான் விடுறன்" என்றார் அக்கா. இதற்கு முன் யாரும் என்னிடம் அப்படி எதையும் ஒப்படைத்ததில்லை.

மலையில் பனி முழங்கால் வரை கிடந்தது. பெரியவன் ஓர் அலுமினியத் தட்டத்தில் உட்கார்ந்து சரிவில் வழுக்கிப் போனான், மூச்சிரைக்க ஏறி வந்தான், மறுபடி வழுக்கினான். சின்னவள் ஓரிடத்தில் குந்தியிருந்து பனியை உதிர்த்துக் குழைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்குப் புட்டு என்றாள். "பேபி, ஸ்னோவில புட்டு அவிக்கிறாள்" என்று தமையன் பழித்தான். அவள் அவனைப் பொருட்படுத்தவில்லை. நான் தட்டத்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அவளுடைய கையுறைகள் இரண்டும் பக்கத்தில் கிடந்தன. "அம்மா கிளவுஸ் போட்டுக்கொண்டே புட்டுக் குழைக்கிறவ?" என்று என்னைக் கேட்டாள்.

கையைப் பார்த்தேன். நகத்திலிருந்து உள்ளங்கைவரை வெள்ளை. பனி ஒட்டிய வெள்ளை இல்லை, மெழுகு வெள்ளை. "நோகுதா?" என்றேன். "இல்லை" என்றாள். நோகாமல் இருப்பதுதான் கெட்ட அடையாளம் என்று கப்பலில் கற்றிருந்தேன். தேய்க்கவில்லை, தொடவே பயந்தேன். அவளை மார்போடு தூக்கிக்கொண்டு, பெரியவன் பின்னால் ஓடிவர, முதலுதவிக் குடிசைக்கு ஓடினேன். வழியெல்லாம் அந்தப் பத்து விரல்களையும் எண்ணிக்கொண்டே ஓடினேன். அக்காவின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. கட்டினபடி கிடக்கும் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

அங்கே இருந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். கேள்வி ஒன்றும் கேட்காமல் ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிச் சின்னவளின் கைகளை அதில் வைத்தாள். சற்று நேரத்தில் குனிந்து மோந்தாள். "இதென்ன, தேங்காயா?" என்றாள். தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வெள்ளைச் செதில்கள் மிதந்து வந்து, பொட்டுப் பொட்டாய்க் கண்ணாடிபோல் பரவின. கீழே பத்து விரல்களும் பழுப்பும் சிவப்புமாக, சுருங்கி, உயிரோடு இருந்தன. "கூச்சமாக் கிடக்கு" என்று சின்னவள் கையை இழுத்தாள். அந்தப் பெண் சிரித்தாள். நான் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன்.

வீட்டில் பெரியவன் வாசலிலேயே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான். நான் பேச்சு வாங்கத் தயாராக நின்றேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். "நீர் அந்த விரல் கதை சொன்ன நாளிலயிருந்து எனக்குப் பயம், தம்பி. காலமை எண்ணெயைச் சூடாக்கிப் பிள்ளையின்ர கையில ரெண்டு தரம் பூசி விட்டனான்." சின்னவளின் கையைப் பிடித்தபடி, "அடுத்த ஞாயிறும் கூட்டிக்கொண்டு போம். நான் எண்ணெய் பூசமாட்டன், நீர் கதை சொல்லாதையும்" என்றார்.

அந்தக் கிழமை பெட்டியைப் பிரித்துச் சட்டைகளை அலுமாரியில் அடுக்கினேன். அந்த வீட்டில் ஒன்பது வருடம் இருந்தேன். மூன்றாவது பிள்ளைக்குப் பனியில் வழுக்கப் பழக்கியதும் நான்தான்.

இப்போது வேறொரு நகரத்தில், குவேக்கர்ஸ் ஹில் என்ற புறநகரில் தனியாக இருக்கிறேன். சின்னவள் மெல்பேர்னிலிருந்து அழைக்கும்போது, அவளுடைய பிள்ளைகள் பின்னால் கத்துவது கேட்கும். போத்தலில் எண்ணெய் முழுவதும் கரையும் முன்பே சில நாள் விரலால் கொஞ்சம் தோண்டி எடுப்பேன். அது நுனியில் வெள்ளையாக நிற்கும். தேய்க்கமாட்டேன். தானாக உருகி அடியில் என் தோல் தெரியும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.