மாத்திரைத் தோப்பில் ஒரு தூண்டில்காரி

"நாலு மணிக்கு மேல நான் வர்ல. ஸ்டேஷனுக்கு வேற ஆட்டோ பாரு... இல்லம்மா, ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. மீன் புடிக்கப் போறேன்." போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கோமளா ஓர் இறாலைத் துண்டு துண்டாகக் கிள்ளுகிறார். வால் துண்டைத் தூண்டில் முள்ளில் கோக்கிறார். மறுமுனையில் யாரோ சிரித்திருக்க வேண்டும். "சிரி, சிரி. வெச்சிடறேன்" என்று போனை முகவாயாலேயே அணைக்கிறார்.

பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார் கோமளா. வயது நாற்பதை நெருங்குகிறது. புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. அதற்குப் பித்தான் போட்டு யாரும் பார்த்ததில்லை. ஹாரன் அடிக்க மாட்டார். வழிவிடாதவர்களைத் தலையை வெளியே நீட்டி வாயாலேயே விரட்டுவார். கணவர் குப்பன் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். வலை இருக்கும் வீட்டில் தூண்டில் எடுத்தால் ஊர் சிரிக்கும். அது வேலையில்லாதவன் பொழுதுபோக்கு. ஊர்ப் பிள்ளைகளை மாலையில் கரையில் உட்கார வைக்கக் கோமளா அதைத்தான் பிடித்துக்கொண்டார். "தொழில்னா பசங்க ரெண்டே நாள்ல ஓடிப்பூடும். இது வெளாட்டு. அதனால குந்திக்கினு கீதுங்க." பிடித்த மீனை விற்கக் கூடாது என்பது அவர் போட்டிருக்கும் ஒரே சட்டம்.

இரண்டு வருடங்களுக்கு முன் இந்த விளையாட்டெல்லாம் அவருக்குத் தெரியாது. ஒரு நாள் பள்ளி விட்ட நேரத்தில் மூன்று பையன்கள் ஆட்டோவில் ஏறினார்கள். ஓட்டுபவர் யாருடைய அம்மா என்று அவர்களுக்குத் தெரியாது. பின் சீட்டில் ஒருவன் சொன்னான்: "மாத்திர வேணும்னா பிரதாப்பக் கேளு. அவன்கிட்ட எப்பவும் இருக்கும்." பிரதாப், கோமளாவின் ஒரே மகன். அப்போது பதினொன்றாம் வகுப்பு.

"பிரேக் போடல. அவனுங்கள எறக்கி வுட்டுட்டுத்தான் வண்டியத் திருப்பினேன். எப்படி வூட்டுக்கு வந்தேன்னு இன்னிக்கும் ஞாபகம் இல்ல" என்கிறார்.

வலிக்குப் போடும் மாத்திரையைப் போதைக்குப் போட்டுக்கொண்டிருந்தான் பையன். குப்பன் முதலில் அடித்தார், பிறகு அழுதார், கடைசியில், எளாவூரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குச் சத்தமில்லாமல் அனுப்பிவிடலாம் என்றார். கோமளா மறுத்துவிட்டார். "வித்தவன் மார நிமித்திக்கினு சுத்துறான். வாங்கினவன நான் ஒளிச்சு வெக்கணுமா?" மகனைப் பட்டப்பகலில் தன் ஆட்டோவிலேயே ஏற்றி, கேட்டவர்களுக்கெல்லாம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே, சென்னையில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

சிகிச்சை முடிந்து வந்த பின்புதான் கஷ்டம் தொடங்கியது. காலையெல்லாம் சரியாக இருப்பான். பொழுது சாயும்போது கால் நிற்காது. வீட்டுக்கும் வாசலுக்குமாக நடப்பான். அந்த நேரத்தைத் தாண்ட ஏதாவது வேண்டும். கோமளா தூண்டில் வாங்கினார். உட்கார இடம் தேடியபோது ஏரிக் கரையில் மற்ற இடங்களையெல்லாம் விட்டுவிட்டு, மாத்திரை கைமாறும் சவுக்குத் தோப்பின் ஓரத்தையே தேர்ந்தெடுத்தார்.

விற்றவன் வெளியூர்க்காரன் அல்ல. குப்பனின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன், பூவரசன். முதல் நாள் மாலையே எதிரில் வந்து நின்றான்.

"சித்தி, உனுக்கு எதுக்கு இந்த பேஜாரு? வேற எடம் பாரு."

"நீ பாரு வேற எடம். இங்க மீன் கடிக்குது."

உண்மையில் அன்று ஒரு கெளுத்தி கூடச் சிக்கவில்லை. அம்மாவும் பிள்ளையும் இருட்டும்வரை தக்கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளும் வந்தார்கள். வாங்க வந்த பையன்கள் கோமளாவைக் கண்டு திரும்பிப் போனார்கள். அத்தனை பேரின் அம்மாவையும் அவருக்குத் தெரியும்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் ஆட்டோவின் பின் சீட்டு நீளவாக்கில் கிழிந்து கிடந்தது. உள்ளே வைத்திருந்த தூண்டில்கள் ஒடிந்து கிடந்தன. கோமளா சீட்டை மாற்றவில்லை. பச்சை வலை நூலால் பெரிய பெரிய தையலாகப் போட்டார். யார் ஏறிக் கேட்டாலும், "மாத்திர விக்கிறவன் கிழிச்சது. நல்லா தெரியட்டும்னு பச்சைல தெச்சேன்" என்றார். பேச்சு பொன்னேரி வரை போய்ச் சேர்ந்தது. ஊர்க் கூட்டத்தில் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"சொந்தக்காரப் பையன். கண்டவங்ககிட்டயும் சொல்லி ஊர் பேரக் கெடுக்கிறியே?"

"நான் சொல்றதால கெடுதா, அவன் விக்கிறதால கெடுதா? அதச் சொல்லுங்க, நான் வாய மூடிக்கிறேன்."

கூட்டத்தில் குப்பன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். ஆனால் மறுநாள் அவர் கடலுக்குப் போகவில்லை. பொழுது சாய்வதற்கு முன்பே, ஊர் பார்க்க, தோப்போரத்தில் மகனுக்குப் பக்கத்தில் தூண்டிலோடு போய் உட்கார்ந்துகொண்டார். அந்த வார முடிவில் மீன் காய வைக்கும் ரோசி தன் இரண்டு பெண்களையும் அனுப்பினார். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக வந்து, இப்போது கரையில் இடம் பிடிக்கச் சண்டை நடக்கிறது. "தக்கைலேர்ந்து கண்ண எடுக்க முடியாது. எறா நாத்தத்துல போனைத் தொடவும் மனசு வராது. இதவிட இன்னா வேணும்?" என்று சிரிக்கிறார் கோமளா.

எல்லாம் நேராகிவிட்டது என்று அவர் சொல்வதில்லை. கார்த்திகை மழையில் நான்கைந்து நாள் கரைக்குப் போக முடியாதபோது பிரதாப் மறுபடி மாத்திரை போட்டான். மழை விட்டதும் தானாகவே வந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி, "முந்தாநேத்து போட்டேன்" என்றான். கோமளா அவனிடம் ஒரு தூண்டிலை நீட்டி, "சரி, குந்து" என்றார். மறுநாள் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அதற்குப் பிறகு அவன் போடவில்லை. போலீஸ் வந்து பூவரசனைப் பிடித்துப் போனது. சில மாதங்களில் அவன் வெளியே வந்துவிட்டான். தோப்பில் இப்போது அவனுக்கு வியாபாரம் இல்லை. வேறெங்கோ நடக்கிறது என்கிறார்கள். "அங்கயும் தண்ணி இருந்தா சொல்லு, போறேன்" என்கிறார் கோமளா.

நான் போன அன்று ஒரு சிறுமி கொடுவா மீன் ஒன்றைப் பிடித்துவிட்டாள். அந்தக் கூச்சல் அடங்குவதற்குள் பின்னால் பைக் ஒன்று வந்து நின்றது. என்ஜினை நிறுத்தாமல், அதன் மேலேயே உட்கார்ந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தான் பூவரசன். வேண்டுமென்றே ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். சத்தம் தோப்பெல்லாம் எதிரொலித்தது. பிரதாப் எழுந்தான், கோமளா அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

இறால் அப்பிய கையைப் புடவையில் துடைத்துக்கொள்ளாமலே நடந்து போனார். பைக்கின் சாவியைத் திருகினார். என்ஜின் அடங்கியது.

"சத்தம் போட்டா மீன் வராது, நைனா."

சாவியை உருவி அவன் வெள்ளைச் சட்டைப் பையில் போட்டு, பையின் மேல் அந்தக் கையாலேயே இரண்டு தட்டு தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து தன் தூண்டிலை எடுத்துக்கொண்டார்.