காய்ந்து நிற்க வேண்டிய குழாய்

வால்வுக்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. ஆள் உயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், பதினோரு தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். பெரிய வால்வுக்கு மட்டும் விஷக்காற்று தேங்கும் ஆழக் குழிக்குள் இறங்கவேண்டும். எந்த வால்வை எத்தனை சுற்று சுற்றினால் எந்தத் தெருவின் கடைசி வீட்டில் வாளி நிறையும் என்பது அவருக்கு அத்துப்படி. ஒரு குழாயில் வந்து இன்னொன்றில் வராவிட்டால் அவர் சட்டையைத்தான் பிடிப்பார்கள். ஆகவே பங்கு பிரிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் தன் வீட்டுக் கூடத்தில், ஐந்தடிக் கண்ணாடித் தொட்டி முன்னால், ஒன்றும் புரியாமல் நின்றார்.

தொட்டி மனைவியுடையது. பல் மருத்துவமனையில் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை அவளுக்கு. மூன்று வருடத்துக்கு முன்னால், அலங்கார மீன் விற்கும் கடைக்காரர் தூக்கிப் போட இருந்த நகத்தளவு பவளத் துண்டை வாங்கி வந்தாள். சமையலறையில் சின்னத் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், தினமும் பணிவிடை. பவளம் உயிருள்ள பிராணி என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். அது இப்போது உள்ளங்கை அகலம். ஆனால் சின்னத் தொட்டியின் மூலை கசியத் தொடங்கிவிட்டது. பெரிய தொட்டிக்கான கல்லும் தண்ணீரும் ஒரு மாதமாக டிரம்மில் தயாராக இருந்தன. குழாய் வேலைதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாவிட்டால் பவளத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகக் கடைக்காரரிடம் சொல்லியும் வைத்தாள். சொல்லும்போது அவள் குரல் கம்மியது. அதைப் பொறுக்க முடியாமல்தான் "தண்ணிதானே, நான் பாத்துக்கறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

மருத்துவமனைச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினாள். தொட்டி நிறைந்து, பின்னாலுள்ள பெட்டிக்குள் தண்ணீர் வழியும். பெட்டியிலிருந்து மூன்று குழாய் கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்ப் என்ற இன்னொரு தொட்டிக்கு இறங்கும். அங்கே சுத்தமானதைப் பம்பு மறுபடி மேலே ஏற்றும். இவருக்குத் தெரிந்த சம்ப் தரைக்கு அடியில் இருப்பது. அலமாரிக்குள் சம்ப்பும், எந்த வீட்டுக்கும் போய்ச் சேராமல் சுற்றிச் சுற்றி வரும் தண்ணீரும் அவருக்குப் பிடிபடவில்லை.

"முதல் குழாய்ல நல்லா இறங்கும். ரெண்டாவதுல லேசா. மூணாவதுல இறங்கவே கூடாதுங்க."

"இறங்கக் கூடாதுன்னா அப்புறம் எதுக்குக் குழாய்?"

"இருக்கணும். கொஞ்சம் உசரமா இருக்கணும். வால்வும் போடாதீங்க."

அவர் "ம்ம்" என்றார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் தனக்குப் புரியவில்லை என்று அவர் சொன்னதில்லை.

அவளைப் பற்றியே புரியாத சங்கதி ஒன்றும் இருந்தது. அவர் எப்போது கூப்பிட்டாலும் முதல் மணி அடித்து முடிவதற்குள் போனை எடுத்துவிடுவாள். "போனும் கையுமாத்தான் உக்காந்திருப்பியா? பல்வலிக்காரங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று சீண்டுவார். அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

சனிக்கிழமை மைத்துனனை வைத்துக்கொண்டு வேலையை முடித்தார். மூன்று குழாயும் ஒரே உயரம், மூன்றிலும் வால்வு. ஒவ்வொன்றையும் திருகித் திருகி மூன்றிலும் சரிசமமாக இறங்கும்படி செய்தார்.

"மாமா, அக்கா வேற மாதிரி சொல்லிச்சே" என்று மைத்துனன் இழுத்தான்.

"ஒண்ணுல வராம இருந்தா அதுக்குப் பேரு வேலையாடா?"

மனைவி வந்து பார்த்தாள். பெட்டிக்குள் கையை விட்டு, முதல் குழாயின் வாயை ஸ்பாஞ்சால் அடைத்தாள். "தொட்டியில வளர்ற நத்தை போய் உக்காந்துக்கிட்டா இப்படித்தான் அடைக்கும்" என்றாள்.

தண்ணீர் மேலேறியது. ஏற்கெனவே அளந்து திறந்திருந்த மற்ற இரண்டும் அதற்கு மேல் ஒரு சொட்டு வாங்கவில்லை. விளிம்பைத் தாண்டிக் கூடமெல்லாம் தண்ணீர். தெருவில் வழிந்தால் முதலில் வால்வை மூடுவது அவர் கைப்பழக்கம். பாய்ந்து போய் இரண்டாவது குழாயின் வால்வை மூடினார். இன்னும் அதிகமாக வழிந்தது. மூன்றாவதையும் மூடினார். இருட்டில்கூட வால்வைத் தடவிக் கண்டுபிடிக்கிற மனிதர், பட்டப்பகலில் சொந்த வீட்டில் எதைத் திருகுவது என்று தெரியாமல் திருதிருவென விழித்தார். அவள்தான் பம்பை நிறுத்தினாள்.

மைத்துனன் துணி எடுக்க நழுவினான். அவள் கடைக்காரரைக் கூப்பிடப் போனை எடுப்பதை அவர் பார்த்தார். பயம் வந்தது.

"எனக்குப் புரியலை" என்றார்.

அவள் போனைத் தாழ்த்தினாள். "எதுங்க?"

"மூணாவது. தண்ணியே வராம அது எதுக்கு நிக்குது?"

அவள் ஈரத் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "நீங்க பெரிய வால்வுக் குழிக்குள்ள இறங்குற நேரமெல்லாம் இந்தப் போனைக் கையிலயே வச்சிருக்கேனே. ஏதோ ஆயிடுச்சுன்னு யாராவது ஒரு நாள் கூப்பிட்டிருக்காங்களா?"

"இல்லையே."

"அதுக்காகக் கீழ வச்சிட்டேனா?"

கேலி செய்த நாட்களெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. எழுந்து ரம்பத்தை எடுத்தார். மூன்றாவது குழாயின் வால்வை அறுத்து எறிந்து, வெறுங்குழாயை இரண்டு விரல் உயரமாக ஒட்டினார். பசை காய்ந்ததும் பம்பை ஓடவிட்டு, இரண்டாவதை முழுக்கத் திறந்து, முதல் வால்வை மட்டும் திருகி இரண்டாவதில் லேசாக மட்டும் இறங்கும்படி செய்தார். அவள் மறுபடி முதல் குழாயை அடைத்தாள். தண்ணீர் இரண்டு விரல் ஏறியது. வெறுங்குழாய் கடகடவென்று மிச்சத்தையெல்லாம் வாங்கிக்கொண்டது. தரையில் ஒரு சொட்டு இல்லை. ஸ்பாஞ்சை எடுத்ததும் அது மறுபடி காய்ந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை பவளம் புதுத் தொட்டிக்குப் போனது.

இரண்டாவதில் ஏன் லேசாக மட்டும் இறங்கவேண்டும் என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை. அதை அவளிடம் சொல்லியும்விட்டார்.

திங்கட்கிழமை குழியின் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, இறங்குவதற்கு முன் அவளைக் கூப்பிட்டார். முதல் மணி முடியவில்லை.

"என்னங்க?"

"மூணாவது காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு."

"சரி, இறங்கப்போறேன். ஏறினதும் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.